கோதில் அளந்த நல்லெண்ணெய்

என் மகள் பன்னிரண்டு வயதில் இறந்துபோனாள். மூன்று பச்சை முட்டைகள்தான் அவளைக் கொண்டுபோயின என்று எங்கள் குடும்பத்தில் எல்லாரும் நம்புகிறார்கள். அது பொய்யில்லை, ஆனால் அது மட்டுமே அல்ல. மிச்சத்தை அறிந்தவர்கள் இரண்டே பேர். ஒருத்தி நான். மற்றவர் அவளுக்கு வைத்தியம் பார்த்த டொக்டர் அம்மா. அவர் யாரிடமும் வாய் திறக்கமாட்டார் என்பது இத்தனை காலத்தில் எனக்குத் தெரிந்துவிட்டது. ஆகவே நான்தான் எழுதவேண்டியிருக்கிறது.

நான் திருகோணமலை நகரத்தில் சுகாதாரப் பாடம் படிப்பிக்கிற ஆசிரியை. இதை எழுதும்போது எனக்கே சிரிப்பு வருகிறது, நல்ல சிரிப்பல்ல. உணவைப் பற்றிய பாடம் வந்தால் முட்டைக்கென்று ஒரு முழுப் பாடவேளையை ஒதுக்குவேன். புரதம், இரும்பு, கண்ணுக்கு வேண்டிய விற்றமின், எல்லாம் ஒரு கைப்பிடிக்குள் அடங்கிவிடுகிறது என்று முட்டையை நன்றாகப் புகழ்ந்துவிட்டு, பிறகு குரலை மாற்றுவேன். மேல்வகுப்புப் பெடியன்கள் சிலர் ஜிம்முக்குப் போய்வந்து பச்சை முட்டையைக் கண்ணாடிக் குவளையில் உடைத்து ஊற்றிக் குடிப்பார்கள். அவர்களைப் பார்த்து, "உங்களுக்குக் கை வீங்காது ராசா, வயிறுதான் வீங்கும்" என்பேன். வகுப்பு சிரிக்கும். பச்சை முட்டையின் புரதத்தில் பெரும்பங்கை உடம்பு எடுத்துக்கொள்ளாது, அவித்தால்தான் அது முழுதாய்ச் சேரும் என்று சொல்வேன். பச்சை வெள்ளைக்கரு ஒரு விற்றமினைப் பிடித்துவைத்துக்கொண்டு உடம்புக்கு விடாது, ஆனால் அது நெடுநாள் குடிப்பவர்களின் கவலை என்பேன். கடைசியாகத்தான் சல்மொனெல்லாவுக்கு வருவேன். கோழியின் குடலில் இருக்கிற கிருமி. முட்டைக் கோதில் ஒட்டியிருக்கும், சிலவேளை உள்ளேயும் இருக்கும். நல்ல சூட்டில் செத்துவிடும். சுகதேகிக்கு வந்தால் நாலு நாள் வயிற்றாலே போய் எழும்பிவிடுவார். சின்னப் பிள்ளைகள், பிள்ளைத்தாய்ச்சிகள், வயது போனவர்கள், நோய் எதிர்ப்பைக் குறைக்கிற மருந்து எடுப்பவர்கள், இவர்களுக்கு வந்தால் உயிருக்கே ஆபத்து. இந்தக் கடைசி வரிக்குக் கீழே கோடு போடச் சொல்வேன். சிவப்புப் பேனை கொண்டுவராதவர்களை எழுப்பி நிறுத்துவேன்.

என் மகள் அந்தக் கடைசி வரியில் உள்ள பிள்ளை.

ஆறு வயதில் ஒரு காலையில் அவள் முகம் ஊதிப்போய் எழும்பினாள். நுளம்பு கடித்ததாக்கும் என்று விட்டேன். அடுத்த நாள் காலில் சப்பாத்து ஏறவில்லை. ஆஸ்பத்திரியில் சொன்னார்கள், சிறுநீரகம் புரதத்தைப் பிடித்து வைக்காமல் மூத்திரத்தில் விடுகிறது என்று. மாறும், திரும்ப வரும், திரும்ப மாறும், வளர வளர விட்டுப் போகக்கூடும் என்றார்கள். அதற்கு ஸ்டீரொயிட் குளிசை. குளிசை எடுத்தால் வீக்கம் வற்றும், கன்னம் மட்டும் உப்பும், உடம்பின் எதிர்ப்புச் சக்தி குறையும். வகுப்பில் அவளை "பணிஸ்" என்று கூப்பிட்டார்கள், பேக்கரியில் ஊதிப்போய் இருக்கிற பன்னைச் சொல்வதுபோல. அவள் அதை வீட்டில் வந்து சொல்லவில்லை. அவளுடைய கொப்பியின் பின்மட்டையில் யாரோ எழுதியிருந்ததை நான்தான் கண்டேன்.

ஒவ்வொரு காலையும் அவளுடைய முதல் மூத்திரத்தைக் கண்ணாடிக் குழாயில் எடுத்து, குசினியில் நெருப்பில் பிடித்துச் சூடாக்கிப் பார்க்கவேண்டும். தெளிவாய் இருந்தால் நல்லது. புரதம் போனால் கலங்கும். கூடப் போனால் அவிந்த முட்டை வெள்ளைக்கரு போலத் திரைந்து நிற்கும். அதை ஒரு கொப்பியில் திகதி போட்டு எழுதவேண்டும். ஆறு வருடத்தில் ஒரு நாளும் நான் தவறவிடவில்லை. கிளினிக்குக்குப் போனால் டொக்டர் என் கொப்பியை உயர்த்திப் பிடித்து மற்றத் தாய்மாருக்குக் காட்டுவார். "ரீச்சரைப் பாருங்கோ. இப்பிடி ஒரு அம்மா இருந்தால் எனக்கு வேலையே இல்லை" என்பார். நான் தலையைக் குனிந்துகொள்வேன், வெட்கப்படுவதுபோல. உண்மையில் அந்தச் சொல்லுக்காகவே நான் மாதா மாதம் நல்ல சேலை உடுத்துக்கொண்டு போனேன்.

கட்டுப்பாடுகளை வைத்தவளும் நான்தான். உப்பு இல்லை. பாடசாலை வாசலில் விற்கிற அச்சாறு இல்லை, ஐஸ்பழம் இல்லை. கடலில் குளிப்பு இல்லை. கடல் எங்கள் வீட்டிலிருந்து கூப்பிடு தூரம், துறைமுகத்தில் கப்பல் ஊதினால் யன்னல் கண்ணாடி அதிரும். அவள் மணலில் நின்று மற்றப் பிள்ளைகளின் செருப்புகளுக்குக் காவல் இருந்தாள். எனக்கு அது மனதைக் குடையும். ஆனால் கொப்பியில் "தெளிவு" என்று எழுதும்போது அந்தக் குடைச்சல் அடங்கிவிடும்.

அவள் பெரியபிள்ளையான நேரம் பாடசாலை விடுமுறை. நோய் அந்த மாதம் திரும்பி வந்திருந்தது, குளிசை முழு அளவில் போய்க்கொண்டிருந்தது. காலையில் குளியலறையிலிருந்து "அம்மா" என்று ஒரு சத்தம். நான் பயந்துபோய் ஓடினேன், மூத்திரத்தில் இரத்தமாக்கும் என்று. அது வேறு என்று தெரிந்ததும் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். சந்தோஷத்தில்தான். இந்தக் குளிசைகள் அவளுடைய வளர்ச்சியை நிறுத்திவிடுமோ என்று எத்தனையோ நாள் பயந்திருக்கிறேன். நிறுத்தவில்லை. ஒரு விஷயத்திலாவது என் பிள்ளை மற்றப் பிள்ளைகளைப் போல வந்துவிட்டாள்.

என் கணவருக்குத் துறைமுகத்தில் இழுவைப் படகில் வேலை. அவர் கப்பலோடு நின்றபடியால் அவருடைய அக்காவுக்கு, என் மச்சாளுக்கு, போன் எடுத்தேன். மச்சாள் சாம்பல்தீவில் தனியே இருக்கிறவர். புருஷன் இல்லை, பிள்ளைகளும் இல்லை. தாய் இல்லாத என் கணவரைச் சிறு வயதிலிருந்து வளர்த்தவர் அவர்தான். என் மகளென்றால் அவருக்கு உயிர். அடுத்த பஸ்ஸில் வந்து இறங்கினார். ஒரு கையில் உழுத்தமாவும் பனங்கட்டியும், மறுகையில் பழைய ஐஸ்கிரீம் பெட்டி நிறைய உமி, உமிக்குள் அவருடைய கோழிகள் இட்ட முட்டைகள், கக்கத்தில் நல்லெண்ணெய்ப் போத்தல்.

வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் பக்கத்தில் ஒரு பெண்பிள்ளை பெரியபிள்ளையானால் காலையில் வெறுவயிற்றில் பச்சை முட்டை கொடுப்பது வழக்கம். முட்டையின் தலையை மெல்லத் தட்டி உடைத்து வாயில் கவிழ்க்கவேண்டும், மெல்லாமல் விழுங்கவேண்டும். பிறகு அந்த வெறுங்கோதிலேயே நல்லெண்ணெயை அளந்து ஊற்றிக் குடிக்கக் கொடுப்பார்கள். இடுப்பெலும்பு பலக்கும், கருப்பை பலக்கும், பிறகு பிள்ளைப்பேறு லேசாகும் என்பது நம்பிக்கை. எனக்கும் தந்தார்கள், பதினொரு நாள். அந்த வழுவழுப்புத் தொண்டையில் இறங்கியது இன்றைக்கும் நினைவிருக்கிறது.

மச்சாள் குசினிக்குள் பெட்டியைத் திறந்தபோதே நான் சொன்னேன், "முட்டையை அவிச்சுக் குடுப்பம் மச்சாள். இவளுக்குப் பச்சையாய்க் குடுக்கேலாது."

"அவிச்சால் அது சாப்பாடு ரீச்சர், மருந்தில்லை." அவர் என்னை ரீச்சர் என்றுதான் கூப்பிடுவார், பாதி மரியாதை பாதி நக்கல். "நான் உங்கட படிப்புக்குக் குறுக்க நிக்கேல்லை. ஒண்டு மட்டும் சொல்லுங்கோ. பிள்ளைக்கு மூத்திரத்தில என்ன போகுது?"

"புரதம்."

"அதைக் காய்ச்சினால் வெள்ளைக்கரு மாதிரித் திரளும் எண்டு நீங்கள்தானே எனக்குக் குழாயில காட்டினனீங்கள்? வெள்ளைக்கரு போற பிள்ளைக்கு வெள்ளைக்கருவைக் குடுக்காமல் வேற என்னத்தைக் குடுக்கிறது?"

நான் விளங்கப்படுத்தத் தொடங்கினேன். கிருமி, குளிசை, எதிர்ப்புச் சக்தி என்று வகுப்பில் சொல்வதெல்லாம் சொன்னேன். அவர் பொறுமையாய்க் கேட்டார். கடைசியில், "நீங்களும் குடிச்சுத்தானே வளந்தனீங்கள்? என்ன, செத்தே போனீங்கள்?" என்றார். அவர் குத்தலாகச் சொல்லவில்லை, சும்மா கேட்டார்.

அவ்வளவோடு நின்றிருந்தால் நான் மச்சாளை வென்றிருப்பேன். அவரை எத்தனையோ முறை வென்றிருக்கிறேன். ஆனால் என் மகள் அறைக் கதவைத் திறந்துகொண்டு தலையை நீட்டினாள்.

"அம்மா, எனக்கும் முட்டை தருவீங்களோ? எங்கட வகுப்பில எல்லாருக்கும் குடுத்தவையாம். மூக்கைப் பொத்திக்கொண்டு ஒரே இழுவையில இழுக்கவேணுமாம். எனக்கு மட்டும் அவிச்சோ தரப்போறீங்கள்?"

ஆறு வருடமாய் அவளுக்கு இல்லை, இல்லை என்றே சொல்லிவந்தவள் நான். "எனக்கு மட்டும்" என்று அவள் சொன்னதும் எனக்குள் ஏதோ இளகிவிட்டது. ஒரே ஒருமுறை ஓம் என்று சொல்ல ஆசைப்பட்டேன். அதுதான் நடந்தது. மச்சாள் வற்புறுத்தியதால் என்று ஊர் சொல்கிறது. மச்சாளும் அப்படித்தான் நம்புகிறார். அவர் வற்புறுத்தியதற்கு நான் மசியவில்லை. என் பிள்ளையின் முகத்தைப் பார்த்துத்தான் மசிந்தேன்.

"பதினொரு நாள் இல்லை. மூண்டு நாள்தான்," என்றேன்.

மூன்று நாள் என்றால் ஆபத்து மூன்று நாள் அளவுக்குத்தான் என்பது போல ஒரு கணக்கு எனக்குள் ஓடியது. படித்தவர்களின் முட்டாள்தனம் இப்படித்தான் இருக்கும், அதற்கும் ஒரு அளவுகோல் வைத்திருக்கும். அதோடு இன்னொன்றும் செய்தேன். முட்டைகளை எடுத்து மஞ்சள் கரைத்த குளிர்தண்ணீரில் ஊறப்போட்டு, தேய்த்துக் கழுவித் துடைத்து வைத்தேன். மஞ்சளுக்குக் கிருமி சாகும் என்று மச்சாளுக்கும் திருப்தி, கழுவினேன் என்று எனக்கும் திருப்தி. கோதில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் இருக்கின்றன, குளிர்ந்த தண்ணீரில் ஊறினால் வெளியே இருக்கிற கிருமியை முட்டை உள்ளே இழுத்துக்கொள்ளும் என்பதைப் பிறகுதான் வாசித்தேன். கோதில் எண்ணெயை அளப்பதைப் பற்றி யோசிக்கவேயில்லை. உடைந்த கோதின் ஓரத்தை வாயில் வைத்து உறிஞ்சுவதைப் பற்றியும் யோசிக்கவில்லை. வகுப்பில் முட்டைக்கு ஒரு முழுப் பாடவேளை ஒதுக்குகிற ஆசிரியை நான்.

முதல் நாள் அவள் மூக்கைப் பொத்திக்கொண்டு விழுங்கினாள். கண்ணில் தண்ணீர் வந்தது. எண்ணெய் நாடியில் வழிந்தது. "சீ, சளி மாதிரி இருக்கு" என்று சொல்லிவிட்டுச் சிரித்தாள். மச்சாள் கை தட்டினார். நானும் சிரித்தேன். அந்த ஆறு வருடத்தில் அப்படி ஒரு காலை எங்கள் வீட்டில் விடிந்ததில்லை. இதை மறைத்து என்ன பயன், நான் அன்றைக்கு நிறைந்த மனதோடு இருந்தேன்.

மூன்றாம் நாள் பின்னேரம் வயிற்றுக்குள் முறுக்குகிறது என்றாள். உழுத்தங்களி கூடிவிட்டது என்று நினைத்தேன். விடிந்தபோது காய்ச்சல் கொதித்தது, வயிற்றாலேயும் போனது. மத்தியானத்துக்குள் வயிறு மத்தளம்போல இறுகியிருந்தது. ஆட்டோவைப் பிடித்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். வாசலில், எங்கள் ஊருக்குள் திரிகிற மான்களில் ஒன்று, சோற்றுப் பார்சல் சுற்றிய பொலித்தீனை மென்றுகொண்டு நின்றது. அந்த வேதனைக்குள்ளும் என் மகள் அதைப் பார்த்து, "பாவம், பொலித்தீனைத் தின்னுது" என்றாள்.

அந்த நேரம் ஊர் முழுக்க டெங்கு. வாட்டில் கட்டிலுக்குக் கட்டில் காய்ச்சல் பிள்ளைகள். எங்கள் டொக்டர் வந்து வயிற்றை அழுத்திப் பார்த்தார். இந்த நோய்க்காரப் பிள்ளைகளுக்கு வயிற்றில் தேங்குகிற தண்ணீரில் கிருமி பற்றுவது உண்டு, அதுவாக இருக்கலாம், டெங்காகவும் இருக்கலாம், இரத்தம் எடுத்துப் பார்ப்போம் என்றார். மகள் பெரியபிள்ளையாகி அஞ்சு நாள் என்று நான் சொன்னதும் அவர் பேனையை நிறுத்தினார். அவரும் இந்தப் பக்கத்து ஆள், வழக்கம் தெரிந்தவர்.

"சாமத்தியப்பட்டால் எங்கட சனம் பச்சை முட்டை குடுக்கிறது. அப்பிடி ஏதும் குடுத்தனீங்களோ?" என்று கேட்டார். கேட்டுவிட்டு அவரே லேசாகச் சிரித்தார். "உங்களிட்டைப் போய்க் கேக்கிறன் பாருங்கோ ரீச்சர். மற்ற ஆக்களிட்டைக் கேட்டுக் கேட்டுப் பழகிப்போச்சு."

பக்கத்துக் கட்டிலில் கிளினிக்கில் பழக்கமான ஒரு தாய் இருந்தார். அவர் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இல்லை டொக்டர்," என்றேன்.

அவ்வளவுதான். ஒரு தடுமாற்றமும் இல்லை. டொக்டர் தலையை ஆட்டி எழுதினார். வயிற்றுத் தண்ணீரில் வழக்கமாகப் பற்றுகிற கிருமிக்கு என்ன மருந்தோ அதைத் தொடங்கச் சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனார்.

என் மகள் கண்ணைத் திறந்துதான் படுத்திருந்தாள். டொக்டர் போனபிறகு மெல்லக் கேட்டாள், "அம்மா, முட்டையைச் சொல்லேல்லையே?"

"அது காரணமில்லை பிள்ளை. கழுவித்தானே தந்தனான்."

"ஓம்," என்றாள். நான் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நம்பிக்கொண்டு மற்றப் பக்கம் திரும்பினாள். எனக்கு இதை எழுதக் கை ஓடவில்லை. ஆனால் இதை விட்டுவிட்டால் மற்றதை எழுதியதும் வீண்.

அன்றைக்கு நான் மூன்று முறை டொக்டரைத் தேடி நடந்தேன். முதல்முறை அவர் சத்திரசிகிச்சை அறைக்குப் போயிருந்தார். இரண்டாம் முறை அவரைச் சுற்றி மாணவ டொக்டர்கள் நின்றார்கள். என்னைக் கண்டதும் அவர்களிடம், "இந்த அம்மாவின்ர கொப்பியைத்தான் அண்டைக்குக் காட்டினனான்" என்றார். அவர்கள் எல்லாரும் என்னைப் பார்த்து மரியாதையாகத் தலையசைத்தார்கள். நான் சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு, குளிசையை இன்றைக்கும் கொடுக்கட்டுமா என்று கேட்டுவிட்டுத் திரும்பினேன். மூன்றாம் முறை அவர் தனியேதான் இருந்தார். கதவுவரை போனேன். இன்னும் கொஞ்சம் பார்ப்போம், காய்ச்சல் இறங்கினால் சொல்லத் தேவையே வராது என்று ஒரு எண்ணம் வந்தது. கதவைத் தட்டாமல் வந்துவிட்டேன்.

பின்னேரம் என் கணவர் வேலை உடுப்போடு வந்தார், உடம்பில் டீசல் மணம். "என்னவாம்?" என்றார். "டெங்காயிருக்கலாமாம்," என்றேன். அவர் மகளின் காலைப் பிடித்து அமத்திக்கொண்டு கதிரையில் இருந்தார். வீட்டில் முட்டை கொடுத்தது அவருக்குத் தெரியும். அதை டொக்டரிடம் நான் சொல்லாமல் இருப்பேன் என்று அவர் கனவிலும் நினைத்திருக்கமாட்டார்.

அடுத்த நாள் காய்ச்சல் இறங்கவில்லை. டெங்கு இல்லை என்று முடிவு வந்தது. இரத்தத்தில் கிருமி வளர்கிறதா என்று பார்க்க அனுப்பியதற்கு இன்னும் பதில் வரவில்லை. அவள் சோர்ந்துபோய்க் கூப்பிட்டால் மட்டும் கண் திறந்தாள். மூத்திரம் நின்றுபோனது. மூன்றாம் முட்டையோடு கோழிகளைப் பார்க்கச் சாம்பல்தீவுக்குத் திரும்பியிருந்த மச்சாள், பத்து மணிபோல அங்கிருந்து கஞ்சி காய்ச்சிக்கொண்டு வந்தார். அந்த நேரம்தான் டொக்டர் கட்டிலடியில் நின்றார்.

மச்சாளுக்கு ஒளிக்கத் தெரியாது. வந்த கையோடு டொக்டரின் கையைப் பிடித்துக்கொண்டார். "டொக்டர் அம்மா, பிள்ளைக்கு உடம்பில தென்பே இல்லை. பெரியபிள்ளையானதுக்கு மூண்டே மூண்டு முட்டைதான் பச்சையாய்க் குடுத்தது. ரீச்சர் அதுக்கு மேல விடேல்லை. இன்னும் குடுத்திருந்தால் தாங்கியிருப்பாள்."

டொக்டர் என்னைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால் எனக்கு இன்றைக்குக் கொஞ்சம் சுகமாக இருந்திருக்கும். அவர் நம்பமுடியாமல் பார்த்தார். ஒரு கணம்தான். உடனே தாதியிடம் திரும்பி மருந்தை மாற்றச் சொன்னார், வேறொரு ஊசியின் பெயரைச் சொன்னார், தீவிர சிகிச்சைப் பிரிவுக்குப் போன் எடுக்கச் சொன்னார். எல்லாரும் ஓடினார்கள். மச்சாள் கஞ்சிப் போத்தலைப் பிடித்துக்கொண்டு, தான் என்ன பிழையாய்ச் சொல்லிவிட்டேன் என்று விளங்காமல் நின்றார்.

அதற்கடுத்த நாள் காலை என் மகள் இறந்தாள். கிருமி இரத்தம் முழுக்கப் பரவிவிட்டது என்றார்கள். மத்தியானம் வந்த முடிவில் சல்மொனெல்லா என்று எழுதியிருந்தது. அந்தத் தாளை வாங்கியவள் நான்தான். அந்தச் சொல்லை எத்தனை கரும்பலகையில் எழுதியிருக்கிறேன்.

டொக்டர் என்னை ஒரு அறைக்குள் கூட்டிக்கொண்டுபோய்க் கதவைச் சாத்தினார். நான் சொல்லவேண்டியதை அங்கே சொல்லத்தான் நினைத்தேன். அவர் விடவில்லை.

"முதல் நாளே தெரிஞ்சிருந்தாலும் காப்பாத்தியிருப்பம் எண்டு சொல்லேலாது ரீச்சர். இந்தப் பிள்ளையளுக்கு இது கடுமையாய்த்தான் வரும்," என்றார். பிறகு மேசையைப் பார்த்துக்கொண்டு, "காப்பாத்தியிருக்க மாட்டம் எண்டும் சொல்லேலாது," என்றார். அவர் நேர்மையான மனுஷி. அவர் எனக்குத் தண்ணீர் ஊற்றித் தந்தார், நான் குடித்தேன்.

செத்த வீட்டில் கதை ஒரே நாளில் பரவிவிட்டது. முட்டையைக் கொண்டுவந்தவர் யார், கொடுக்கச் சொன்னவர் யார், யாருடைய கோழி என்று எல்லாம் பேசினார்கள். "படிச்ச தாய் வேண்டாமெண்டு எவ்வளவு சொன்னவவாம், அந்த மனுசிதான் கேக்கேல்லை" என்று என் காதுபடச் சொன்னார்கள். நான் தலைவிரிகோலமாய்ச் சுவரில் சாய்ந்து இருந்தேன். துக்கத்தில் இருப்பவளிடம் யாரும் விளக்கம் கேட்பதில்லை. அது எனக்கு வசதியாகப் போய்விட்டது.

மச்சாள் பாடை எழும்பும்வரை வாசலுக்கு வெளியேதான் நின்றார். உள்ளே வரச்சொல்லி யாரும் கூப்பிடவில்லை. என் கணவர், அவர் வளர்த்த தம்பி, அவரைத் தாண்டித்தான் பாடையைத் தூக்கிக்கொண்டு போனார், முகத்தைத் திருப்பவில்லை. பிறகு கேள்விப்பட்டேன், மச்சாள் சாம்பல்தீவுக்குப் போய்த் தன்னுடைய கோழிகள் எல்லாவற்றையும் கழுத்தைத் திருகிக் கிடங்கு வெட்டிப் புதைத்தாராம். ஒன்றைக்கூட யாருக்கும் கறிக்குக் கொடுக்கவில்லையாம். கோழிக்கூட்டையும் கொளுத்தினாராம்.

நான் இரண்டு கிழமையில் பாடசாலைக்குப் போனேன். வீட்டில் இருந்தால் குசினியில் அந்தக் கண்ணாடிக் குழாய் இருக்கிறது. எறியவும் ஏலாது, பார்க்கவும் ஏலாது. சக ஆசிரியைகள் என்னோடு மெதுவாய்க் கதைத்தார்கள். பாடசாலை அதிபர் என்னிடமிருந்து உணவுப் பாடத்தை எடுத்து வேறொருவருக்குக் கொடுத்தார், எனக்கு நோகக்கூடாது என்று. நான் நன்றி சொன்னேன்.

என் கணவரிடம் சொல்ல இரண்டு முறை வாய் எடுத்தேன். ஒருமுறை அவர் சோற்றைப் பிசைந்துகொண்டு சாப்பிடாமல் இருந்தார். "அக்காவை நான் சாகும்வரைக்கும் பாக்கமாட்டன்," என்றார், நான் ஒன்றும் கேட்காமலே. அந்த நேரம் சொல்லியிருக்கவேண்டும். அந்த வீட்டில் அவருக்கு இருந்த ஒரே ஆறுதல் யார் மீதாவது கோபப்படுவதுதான். அந்தக் கோபம் மச்சாளிடமிருந்து என் பக்கம் திரும்பினால் நான் எங்கே போவேன் என்று பயந்தேன். பிள்ளையும் இல்லாமல் அவரும் இல்லாமல் எனக்கு என்ன மிஞ்சும்? இதையெல்லாம் நியாயம் என்று சொல்லவில்லை. நடந்ததைச் சொல்கிறேன்.

முப்பத்தோராம் நாள் காரியம் முடிந்து, ஐயர் போய், சனமும் கலைந்தபிறகு மச்சாள் வந்தார். யாரும் அழைக்கவில்லை, அவராகவே பஸ் பிடித்து வந்தார். ஒரு மாதத்தில் பாதி ஆளாய்ப் போயிருந்தார். என் கணவர் அவரைக் கண்டதும் எழும்பி யன்னலடிக்குப் போய் முதுகைக் காட்டி நின்றார். மச்சாள் அவரிடம் போகவில்லை. நேரே என்னிடம் வந்து, நான் இருந்த கதிரைக்கு முன்னால் நிலத்தில் விழுந்து என் இரண்டு காலையும் பிடித்தார்.

"மச்சாள்," என்றார். அன்றைக்கு அவர் என்னை ரீச்சர் என்று கூப்பிடவில்லை. "நீங்கள் வேண்டாமெண்டு சொன்னனீங்கள். நான்தான் கேக்கேல்லை. நான்தான் என்ர கையால பிள்ளையைச் சாகடிச்சனான். எனக்கு மன்னிப்பில்லை எண்டு தெரியும். ஆனால் நீங்கள் ஒரு சொல் சொன்னால் நான் இருக்கிற மிச்ச நாளை எப்பிடியும் தள்ளிவிடுவன்."

யன்னலடியில் என் கணவரின் முதுகு அசையவில்லை, ஆனால் அவர் கேட்டுக்கொண்டுதான் நின்றார். துறைமுகப் பக்கம் ஒரு கப்பல் ஊதியது. சொல்வதற்கு எல்லாம் என் நாக்கு நுனியில் இருந்தது. டொக்டர் கேட்டவர், நான் இல்லை எண்டனான். இவ்வளவுதான், இரண்டு நிமிஷம்கூடத் தேவையில்லை. அந்த மனுஷி நிமிர்ந்து எழும்பியிருப்பார். தம்பியும் அக்காவும் ஒருவரை ஒருவர் பார்த்திருப்பார்கள்.

நான் குனிந்து மச்சாளின் தோளைத் தொட்டேன்.

"மன்னிச்சிட்டன் மச்சாள், எழும்புங்கோ," என்றேன்.

அவர் என் இரண்டு கைகளையும் எடுத்துத் தன் கண்களில் ஒற்றிக்கொண்டார்.